முழங்கால் வலிக்கு டென்ஸ் மெஷின்: முதல் தடவை ஒட்டிப் பார்ப்பவர்களுக்கு

ரங்கூனில் பழைய மாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்குக் கயிறு என்றால் எது என்று சொல்ல வேண்டியதில்லை. பால்கனியிலிருந்து தெரு வரை தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப் அல்லது பை, மேலே ஒரு மணி. கீழே நிற்பவர் இழுத்தால் மணி அடிக்கும், நாம் மேலிருந்து தூக்கிக்கொள்ளலாம். எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது, படியும் செங்குத்து. அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே கயிற்றில் ஏற ஆரம்பித்தது. காய்கறி, மாத்திரை, காலையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ், வெள்ளிக்கிழமைப் பூ. கடைசியில் காளியம்மன் கோயில் விபூதிகூடக் கயிற்றில் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மனசு தாங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அம்மாவை அழைத்துப் போய், கூடவே நானும் கற்றுக்கொண்டு, வீட்டில் டென்ஸ் ஒட்ட ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. பெகுவிலிருந்து சித்தி, மோல்மேனிலிருந்து அத்தை என்று ஆளாளுக்குப் போன் போட்டு எப்படி ஒட்டுவது என்று கேட்கிறார்கள். போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் முழுவதையும் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இது எதற்கு, எதற்கு இல்லை

டென்ஸ் என்பது கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. தோலில் ஒட்டிய ஜெல் பேட் வழியாக மிகச் சிறிய மின்துடிப்புகளை நரம்புக்கு அனுப்பும். குழந்தை விழுந்து முட்டியில் அடிபட்டால் என்ன செய்கிறோம்? அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுகிறோம், அழுகை கொஞ்சம் அடங்குகிறது. அது ஏன் என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகளுக்கு வேலை கொடுத்தால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் சேதி மேலே ஏறுவது குறையும். டென்ஸ் செய்வதும் அந்தத் தேய்த்துவிடுகிற வேலைதான். உடம்பு தானே சுரக்கும் வலிநீக்கிகளையும் அது கொஞ்சம் தூண்டிவிடுகிறது. இதில் பழைய கதையும் உண்டு: ரோமாபுரியில் 1ஆம் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தலைவலிக்கும் கால் மூட்டு வாதத்துக்கும் உயிருள்ள மின் திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

இனி, வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது. தேய்ந்த குருத்தெலும்பை இந்த மெஷின் வளர்க்காது. முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் வேண்டாம் என்றுதான் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியும் பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கின்றன. பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்பது பிரிட்டன்காரர்கள் சொல்லும் காரணம். அதே 2022இல், எல்லா வகை வலிக்கும் டென்ஸை வைத்துச் செய்த 381 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மெஷின் ஓடும்போதும் ஓடி முடிந்த உடனேயும் வலி குறைகிறது என்று கண்டார்கள். நான் இரண்டையும் நம்புகிறேன். டென்ஸ் தருவது ஒரு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் படுத்துக்கொண்டால் வலி திரும்பி வந்துவிடும், லாபம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் தொடைத் தசைக்கு வேலை கொடுத்தால், மெஷின் தராததைத் தசை தரும். இந்தப் பதிவு முழுக்க அந்த அரை மணியைச் சம்பாதிப்பது எப்படி, செலவழிப்பது எப்படி என்பதுதான்.

யார் ஒட்டவே கூடாது

இதயத்தில் பேஸ்மேக்கரோ, அதிர்ச்சி கொடுக்கும் கருவியோ வைத்திருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. காலில் ரத்தக்கட்டு இருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ கூடாது: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அமுக்கினால் வலித்தால் முதலில் ஆஸ்பத்திரி. ஒட்டும் இடத்தில் புண், சிரங்கு, புற்றுநோய் இருந்தால் கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது தேய்மான வலி இல்லை, மூட்டுக்குள் கிருமியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை நோய் நம் ஆட்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிறது, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கரண்ட் அதிகமாவது அவர்களுக்குத் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, முழங்காலைச் சுற்றி ஒரு பஞ்சாலும் ஒரு பென்சில் முனையாலும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். எது பஞ்சு, எது பென்சில் என்று ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஒட்டாதீர்கள்.

வாங்கும்போது

இரண்டு சேனல் (தனித்தனியாகக் கரண்ட் போகும் இரண்டு வழி), நான்கு பேட் உள்ளதாக வாங்குங்கள். முழங்காலுக்கு நான்கு வேண்டும். ஹெர்ட்ஸ் என்கிற வேகத்தையும் (விநாடிக்கு எத்தனை துடிப்பு), துடிப்பின் அகலத்தையும் (ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது) நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் நல்லது. வெறும் படம் போட்ட 'மசாஜ்' பட்டன்கள் மட்டும் இருந்தால் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. எனக்கு முதலில் ஒரு கடையில் டென்ஸ் என்று சொல்லித் தசையை இழுக்கும் மெஷினைக் கொடுத்துவிட்டார்கள். அது தொடையை வெடுக் வெடுக்கென்று இழுத்ததே தவிர, வலி அப்படியே இருந்தது. பெட்டியில் இரண்டும் சேர்ந்து இருந்தாலும் பரவாயில்லை, டென்ஸ் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முறை வைத்துக் கரண்ட் வருகிற ஊரில் இந்த மெஷின் பேட்டரியில் ஓடுவது பெரிய நிம்மதி. சார்ஜ் செய்கிற மாதிரியாக இருந்தால் கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு எடுத்து வையுங்கள். சார்ஜில் செருகியபடி உடம்பில் ஒட்டவே கூடாது.

தோலைத் தயார் செய்வது

பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். முதல் நாள் அம்மா காலையிலேயே முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருந்தார்கள், எனக்குத் தெரியாது. பேட் ஒட்டியது போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு பேட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது. அகலமான பரப்பில் போக வேண்டிய கரண்ட் மீதி ஒட்டியிருந்த ஒரு ஓரத்தில் மட்டும் பாய்ந்து, குளவி கொட்டினாற்போல் சுரீர் என்றது. அம்மா கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். ஒரு வாரம் அந்தப் பெட்டியை அம்மா கண்ணில் காட்ட முடியவில்லை.

அதனால் தைலம், எண்ணெய், வலி ஜெல், தனக்கா (இங்கே தோலில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து) எதுவும் தோலில் இருக்கக்கூடாது. தனக்கா காய்ந்து பொடியாக இருக்கும், பார்த்தால் தெரியாது, விரலால் தேய்த்தால் தெரியும். சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் வியர்வை நிற்காது, ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு ஒட்டுங்கள். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் குறைக்கலாம். சவரம் செய்த உடனே ஒட்டினால் எரியும். வலி ஜெல் போடுகிறவர்கள் மெஷின் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே ஒட்டுவது

உட்காரும் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். டீக்கடையில் போடுகிற அந்தக் குட்டி ஸ்டூல் வேண்டாம், தரையும் வேண்டாம். முதுகு சாய்க்கிற நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி எதிரே இன்னொரு நாற்காலியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. லோஞ்சி என்கிற பர்மா லுங்கி கட்டுகிறவர்களுக்கு வேலை சுலபம், மேலே சுருட்டிவிட்டால் போதும்.

இப்போது முட்டிச்சில்லைக் கையால் தடவிப் பாருங்கள். வட்டமான அந்த எலும்பின் மேல் எந்தப் பேடும் வராது. அதற்கு மேலே, தொடைத் தசை ஆரம்பிக்கும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கீழே, முழங்கால் முடிந்து கால் ஆரம்பிக்கும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நடுவில் முட்டி, நான்கு மூலையிலும் நான்கு பேட். 5 சென்டிமீட்டர் சதுரப் பேட் பெரியவர்களின் முழங்காலுக்குச் சரியாக இருக்கும். ஒன்றோடொன்று தொடக்கூடாது, நடுவே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

வயர் செருகுவதில் ஒரு சின்ன விஷயம். ஒரு சேனலில் இரண்டு வயர் இருக்கும். முதல் சேனலின் ஒரு வயரை மேல் உள்பக்கத்துக்கும் மற்றதைக் கீழ் வெளிப்பக்கத்துக்கும் கொடுங்கள். இரண்டாவது சேனலை மேல் வெளிப்பக்கத்துக்கும் கீழ் உள்பக்கத்துக்கும். அதாவது பெருக்கல் குறி மாதிரி, இரண்டும் மூட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். வயரை இந்த வரிசையில் மாட்டுங்கள்: மெஷின் அணைந்திருக்க வேண்டும், வயர் பேடில், பேட் தோலில், கடைசியில்தான் ஆன். பேடை ஒட்டியதும் உள்ளங்கையை அதன் மேல் பத்து விநாடி வைத்து அழுத்துங்கள், உடம்புச் சூட்டில் ஜெல் நன்றாகப் பிடிக்கும்.

ஏற்றுவது

ஆரம்பத்துக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வேகம், 100 முதல் 200 மைக்ரோ செகண்ட் வரை அகலம். நேரம் முதல் நாள் 15 நிமிடம் போதும், தோல் ஒத்துக்கொண்டால் மறுநாளிலிருந்து 30 நிமிடம்.

இரண்டு சேனலும் சைபரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். பட்டனை ஒட்டியிருப்பவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. எவ்வளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும், பயமும் பாதி குறையும். அந்த ஒரு வாரப் பிடிவாதத்துக்கு அப்புறம் அம்மா மறுபடி சம்மதித்ததே, "பட்டன் என் கையில இருக்கட்டும்" என்ற நிபந்தனையின் பேரில்தான்.

கரண்டின் பலத்தை ஒவ்வொரு புள்ளியாக, நிதானமாக ஏற்ற வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. அங்கேயே நின்றுவிடாதீர்கள், நிறையப் பேர் அங்கே நிறுத்திவிட்டுப் பலனே இல்லை என்கிறார்கள். இன்னும் ஏற்றினால் குறுகுறுப்பு பலமாகி, முழங்காலைச் சுற்றிச் சோடா பொங்குவதுபோல் பரவும். பலமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக்கூடாது, தசை துள்ளக்கூடாது. துள்ளினால் ஒரு புள்ளி இறக்குங்கள். இன்னொருவர் மெஷினில் எண் எவ்வளவு வைத்தார் என்று கேட்டு அதையே வைக்காதீர்கள். தோலுக்குத் தோல், மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

சுமார் பத்து நிமிடத்தில் மெஷின் நின்றுவிட்டதுபோல் தோன்றும். நிற்கவில்லை, நரம்பு பழகிவிட்டது. ஒன்றிரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். எங்காவது ஊசி குத்துவதுபோல் இருந்தால் உடனே சைபருக்கு இறக்கி, அணைத்து, பேட் ஓரங்களைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பேடைத் தொட்டு நகர்த்துவது கூடாது. தூங்கும்போது, குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, நெஞ்சு பக்கம் எந்தக் காரணத்துக்கும் கொண்டுபோகக்கூடாது.

டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995இல் வெளிவந்த ஒரு சின்னச் சோதனையில், 200 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு டென்ஸின் பலன் குறைந்தது. சின்னச் சோதனைதான். ஆனாலும் அம்மாவின் கெட்டிப் பால் டீயை நாங்கள் மெஷினுக்கு அப்புறம் என்று மாற்றிவிட்டோம், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த அரை மணியில்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் பயிற்சி. முழங்காலுக்கு அடியில் இருக்கிற துண்டைக் காலால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். தொடைத் தசை கெட்டியாவது கண்ணுக்கே தெரியும். 5 விநாடி பிடித்து விட வேண்டும், 10 தடவை. மூச்சைப் பிடிக்கக்கூடாது.

முடிந்ததும் சைபருக்கு இறக்கி அணைத்துவிட்டுப் பேடைக் கழற்றுங்கள். ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரிக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். தோல் லேசாகச் சிவந்திருக்கும், ஒரு மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையாமல் அரிப்பும் கொப்புளமும் வந்தால் அந்தப் பேட் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், நிறுத்திவிடுங்கள்.

உடனே எழுந்து வேலையை ஆரம்பியுங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி இறக்குவது 10 தடவை. உயரமான, ஆடாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 5 தடவையில் ஆரம்பித்து 10. முதலில் முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அப்புறம் வீட்டுக்குள் பத்து நிமிட நடை. எங்கள் வீட்டில் முன் பால்கனியிலிருந்து அடுப்படி வரை 16 எட்டு. அம்மா அதை எண்ணிக்கொண்டே நடப்பார்கள்.

படிக்கு ஒரு வழி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில். அவசரமில்லாமல் இரண்டு காலும் ஒரே படிக்கு வந்த பிறகு அடுத்த படி. பருமனாக இருப்பவர்கள் எடையையும் பார்க்க வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. குந்தி உட்காரும் கழிப்பறை இருந்தால் அதன் மேல் வைக்கிற நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்கு மாத்திரையைவிட அது அதிகம் உதவியது என்று நான் நினைக்கிறேன்.

பழகிப்போனால்

தினமும் ஒரே வேகத்தில் ஓட்டினால் சில நாளிலேயே உடம்பு பழகிப் பலன் குறையும். நாங்கள் ஒரு நாள் மேலே சொன்ன வேகமான முறை, மறுநாள் மெதுவான முறை என்று மாற்றுகிறோம், ஞாயிறு லீவு. மெதுவான முறை என்றால் 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை, அகலம் 200 மைக்ரோ செகண்ட். இதில் குறுகுறுப்புக்குப் பதில் டக், டக் என்று ஒவ்வொரு தட்டாக விழும், தசை லேசாகத் துடிக்கும், அது இந்த முறையில் இருக்க வேண்டியதுதான். முதல் இரண்டு வாரம் வேகமான முறையிலேயே இருங்கள்.

பேடைக் காப்பாற்றுவது

செலவு முழுக்கப் பேடில்தான். ஒரு ஜோடியை 15 முதல் 30 தடவை வரை ஒட்டலாம். கழற்றியதும் அதோடு வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, மூடிய பையில் வையுங்கள். ஏப்ரல் வெயிலில் ஜெல் காய்ந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் மறுபடி பிடிக்கும். மழையில் அதற்கு நேர்மாறாக ஊறிக் கொழகொழக்கும், பையைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். ஓரம் நிற்காத பேடை டேப் போட்டு ஓட்டாதீர்கள், குளவி கொட்டும். ஒருவர் பேடை இன்னொருவருக்கு ஒட்டுவதும் வேண்டாம், அக்கா தங்கையாக இருந்தாலும் சரி.

நோட்டுப் புத்தகம்

ஒரு நோட்டில் தினமும் மூன்று எண் எழுதுங்கள்: ஒட்டும் முன் வலி, கழற்றியதும் வலி, அன்றைக்கு எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண், 0 என்றால் வலியே இல்லை. நான்கு வாரம் எழுதிப் பாருங்கள். ஒட்டும்போதுகூட வலி இறங்கவில்லை என்றால் உங்கள் முழங்காலுக்கு இது உதவவில்லை, மெஷினை எடுத்து வைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் விடாமல் செய்யுங்கள். இரவில் வலியால் தூக்கம் போனாலோ, முழங்கால் மடங்கிப் பூட்டிக்கொண்டாலோ மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

அம்மாவின் நோட்டில் எண்களோடு சில வரிகளும் இருக்கும். ஆறாவது வாரத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: "முன் 6, பின் 3. நாற்காலி 9. கோயிலுக்குப் போனேன். திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடியில் ஒரு தடவை உட்கார்ந்தேன். பூவும் விபூதியும் கையிலேயே கொண்டுவந்தேன்."